எண்பத்தைந்து வரை இயல்பு

ஓட்டுநரின் இரத்தத்தில் புரோலாக்டின் ஐம்பத்தெட்டு இருந்தது. இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். மிச்சம் முப்பத்து மூன்று அவளுக்கு எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று விசாரிக்க அரசாங்கம் ஒரு நிலையமே கட்டி வைத்திருந்தது.

பதினோரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவள் அவள். பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி இரண்டிலும் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். பச்சை விளக்கைக்கூட ஒரு கணம் முறைத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவாள். அதனாலேயே வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. டெப்போவில் வருடா வருடம் நடக்கும் உடல் பரிசோதனையில் இந்த முறை புதிதாக ஹார்மோனையும் சேர்த்திருந்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

“இது பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். உங்களுக்கு எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டார் டெப்போ டாக்டர்.

“எனக்கென்னங்க தெரியும்? என் பையன் காலேஜ் போறான்.”

“மூளைக்கு அடியில கட்டி இருந்தாலும் ஏறும். கட்டி வளர்ந்தா பார்வை போகும். பார்வை போனா பஸ் போகும். ஆய்வு நிலையத்துல இயல்புன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. ஆறு மாசம் டைம். அதுக்குள்ள வரலைன்னா டிரைவர் லிஸ்டுல இருந்து பேரை எடுத்துடுவாங்க. எடுத்த பேரைத் திரும்பச் சேர்த்து நான் பார்த்ததில்லை.”

அன்று மாலையே அவளைப் பயணிகள் விட்டுப்போன பொருள்கள் அறையில் உட்கார வைத்தார்கள். முப்பத்தொன்பது குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல் செட். இவற்றுக்கு நடுவே அவளும் யாரோ விட்டுப்போன பொருளாக உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நாத்தனார் போன் செய்து, “அண்ணி, ஏதாவது விசேஷமா?” என்று கேட்டாள். தச்சு வேலை செய்யும் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது மூன்று முறை அவள் வயிற்றைப் பார்த்தார். பார்வையாலேயே அளவெடுப்பது அவர் தொழில்.

நிலையம் மூன்று மாடிக் கட்டடம். வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டினும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த பங்காளிகள் என்பதை நிலையம் தொடங்கிய முதல் வருடமே வாசலில் கல்வெட்டாகப் பொறித்துவிட்டார்கள். அதன் பிறகு இடது பக்கத்து வளர்ச்சிப் பிரிவும் வலது பக்கத்துப் புரோலாக்டின் பிரிவும் பங்காளிகளாகவே நடந்துகொண்டன. பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பிரிவுக்கும் பொதுவாக இருந்த இரத்தத்தைச் சுற்றவிட்டுப் பிரிக்கிற ஒரே ஒரு பெரிய சுழற்று இயந்திரம் நடுக்கூடத்தில் இரண்டு பூட்டுகளோடு நின்றது. ஆளுக்கொரு சாவி. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் வந்தால்தான் திறக்கும். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு நேரம் வாய்க்கவில்லை.

பதிவாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க நோயாளியா?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க வந்திருக்கேன்.”

“இங்க வர்றவங்க மூணு ரகம். நோய் இருக்கிறவங்க, நோயை மறைக்கிறவங்க, நோய் இல்லாததை மறைக்கிறவங்க. இதுல மூணாவது ரகம்தான் ஆபத்து. கண்டுபிடிக்கவே முடியாது.”

தொண்ணூற்றிரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தை நீட்டினார். பதினெட்டாவது கேள்வி: ‘தாங்கள் குழந்தை எதையும் மறைத்து வைத்திருக்கிறீர்களா? ஆம் எனில் எத்தனை?’ பத்தொன்பதாவது: ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் எவருக்கேனும் தாய் போல் உணர்ந்ததுண்டா?’

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயம் எதற்கு? உள்ளதைச் சொன்னாள். “டெப்போவுல ஒரு பூனை இருக்குங்க. அதுக்கு அப்பப்போ பால் ஊத்துவேன்.”

பதிவாளரின் பேனா நின்றது. “யார் பால்?”

“பாக்கெட் பால்ங்க!”

அவர் நம்பவில்லை. அடுத்த முறை வரும்போது பூனையையும் அழைத்து வர வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினார்.

அழைத்துப் போனாள். மூடி போட்ட கூடையில் பூனை வழி நெடுகக் கத்தியது. வலது பக்கம் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே இடது பக்கத்திலிருந்து வளர்ச்சிப் பிரிவின் தலைவர் ஓடி வந்து, பூனை வயதுக்கு மீறிய வளர்த்தியாக இருப்பதால் அது தங்கள் பிரிவையே சேரும் என்றார். இவர்கள் தலைப் பக்கம் பிடிக்க, அவர்கள் வால் பக்கம் பிடிக்க, பூனை இரண்டு பிரிவுக்கும் பாரபட்சம் பார்க்காமல் ஆளுக்கு நாலு கீறல் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்தது. ‘மாதிரி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதே கையோடு அவளுடைய இரத்தத்தையும் எடுத்தார்கள். அறுபத்து மூன்று.

மூன்றாவது முறை ஐந்து பேர் கொண்ட குழு முன்னால் நிற்க வைத்து, ஐம்பத்தெட்டு எப்படி அறுபத்து மூன்று ஆயிற்று என்று இரண்டு மணி நேரம் கேட்டார்கள். உட்கார நாற்காலி தரவில்லை. முடிந்ததும் இரத்தம். எழுபத்தொன்று.

“பார்த்தீங்களா? கேட்கக் கேட்க ஏறுது. இதுக்குப் பேர்தான் மறைக்கிறது” என்றார் பதிவாளர்.

இங்கே வந்தால்தான் ஏறுகிறது என்பது ஓட்டுநருக்கு அப்போதே உறைத்தது. யார் மேல் சந்தேகப்பட வேண்டும் என்பதும் அன்றிலிருந்து தெளிவாகிவிட்டது.

காத்திருக்கும் பெஞ்சில் அவளுக்கு ஒரு துணை கிடைத்திருந்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிற அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரு வருடமாக வந்துபோகிறவர். அவருடைய புரோலாக்டின் எழுபத்தொன்பது. ஓயாத தலைவலி வேறு. கொஞ்ச நாளாக வரியின் நடுவில் இருக்கும் பிழையெல்லாம் கண்ணில் படுகிறது, இரண்டு ஓரத்திலும் இருப்பது மட்டும் தப்பிவிடுகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முதலாளி சிரிக்கவில்லையாம்.

“கண் டாக்டர்கிட்ட போகலையாக்கா?”

“போனேம்மா. மூளையை ஸ்கேன் எடுக்கணும், அதுக்கு நிலையத்துலேர்ந்து பரிந்துரைக் கடிதம் வேணும்னாங்க. இங்க கேட்டா, கண்ணு எங்க துறை இல்லைன்னுட்டாங்க.”

நிலையத்தில் மனுஷியாகப் பேசியவள் ஒருத்திதான், இரத்தம் எடுக்கும் பெண். நாலாவது முறை ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தும்போது மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, புரோலாக்டின்ல ரெண்டு வகை இருக்கு. சின்னதுதான் வேலை செய்யும். சில பேருக்கு அதுமேல வேற புரதம் ஒட்டிக்கிட்டுப் பெரிய கட்டையா ஆயிடும். மெஷின் அதையும் சேர்த்து எண்ணிடும். ஆனா அது உடம்புல ஒரு வேலையும் பண்ணாது. சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்.”

“எனக்கு எதுன்னு எப்படித் தெரியும்?”

“ஒரு மருந்தைக் கலந்து சுத்தவிட்டாப் பெரியது அடியில தங்கிடும். மேல இருக்கிறதை அளந்தாப் போதும். அரை மணி நேர வேலை.”

“அப்போ பண்ணிட வேண்டியதுதானே?”

“பண்ணிட்டாத் தெரிஞ்சுடுமேக்கா” என்றாள் அந்தப் பெண். “தெரிஞ்சுட்டா ஆராய்ச்சி முடிஞ்சுடும்.”

அவளிடம் சின்னதாக ஒரு கைச் சுழற்று இயந்திரம் இருந்தது. அடுத்த முறை காதோடு காதாகச் சொன்னாள்: “உங்களுது நிஜத்துல பதினாலுதான். மத்ததெல்லாம் கட்டை. ஆனா வாயாலதான் சொல்ல முடியும், பேப்பர்ல வராது.” ஓட்டுநருக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. வாயால் சொன்ன பதினாலை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது என்பதால் அழவில்லை.

ஆறு மாதத்தில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தபோது நிலையத்தின் ஆண்டு ஆய்வு நாள் வந்தது. மேலிடத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வருகிறார்கள். மாதிரிகள் அனைவரும் தவறாமல் வர வேண்டும் என்று ஆணை. மாதிரி என்றால் நோயாளி. கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலைப் படித்தாள். ‘காலை 10.30: இயக்குநர் இயல்பு இரத்தம் அளித்தல். 10.50: முடிவு அறிவித்தல் (11).’ எடுக்காத இரத்தத்துக்கு எண் மட்டும் முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

இது வருடா வருடம் நடக்கும் சடங்கு. இயல்பான மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்று உலகுக்குக் காட்ட இயக்குநர் மேடையில் சட்டைக் கையைச் சுருட்டுவார். கைதட்டுவார்கள். குழாய் உள்ளே போகும், பதினொன்று என்ற சீட்டு வெளியே வரும். குழாய் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

இயக்குநர் முதலில் பேசினார். ஓய்வு பெற வேண்டிய வயதைக் கடந்து ஏழு வருடம் ஆகிறது. குரல் மட்டும் கம்பீரமாக இருந்தது.

“பெரியோர்களே! புரோலாக்டினில் சிறியது உண்டு, பெரியது உண்டு. சிறியது தன் வேலையைச் செய்துவிட்டு ஓசைப்படாமல் வெளியேறிவிடும். அதை யார் மதிக்கிறார்கள்? பெரியது அப்படியல்ல. தன்னைச் சுற்றி நாலு புரதத்தைச் சேர்த்துக்கொள்ளும். எந்த வடிகட்டியாலும் அதை வெளியேற்ற முடியாது. சுற்றிச் சுற்றி அங்கேயே இருக்கும். அளந்தால் பிரம்மாண்டமாகத் தெரியும். வேலை என்ன செய்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை! இந்த மகத்தான பொருளோடு இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, நாங்களும் அதுவாகவே மாறிவிட்டோம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!”

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். இரத்தம் எடுக்கும் பெண் மட்டும் குனிந்து பஞ்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரத்தம் எடுத்தாயிற்று. பதிவாளர் வழக்கம்போலக் குழாயை வாங்கிக்கொண்டு உள்ளே நகர்ந்தபோது, பார்வையிட வந்தவர்களில் மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள், “இங்கேயே அளங்களேன், நாங்களும் பார்க்கிறோம்” என்றார். விஷமம் ஒன்றுமில்லை, அவர் புதியவர், அவ்வளவுதான். பதிவாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். தான் பதினொன்று என்று அவரே நம்பிவிட்டிருந்தார்.

இருபது நிமிடம் கழித்துச் சுவரில் இருந்த பெரிய திரையில் எண் விழுந்தது. எண்பத்தொன்று.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு இன்னொரு முறை ஓட்டினார்கள். எண்பத்தொன்று. ஊசியைச் சந்தேகப்பட்டார்கள். இரத்தம் எடுத்தவளைச் சந்தேகப்பட்டு அவளுடைய கைப்பையைச் சோதித்தார்கள். முன்வரிசையிலிருந்து வளர்ச்சிப் பிரிவின் தலைவர் எழுந்து, மிகுந்த அக்கறையோடு, “பதினெட்டாவது கேள்வியை ஐயாகிட்ட யாராவது கேட்டீங்களா?” என்றார்.

இயக்குநர் கையை உயர்த்தினார். சும்மா சொல்லக் கூடாது, கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

“நண்பர்களே, தவறை ஒப்புக்கொள்வதுதான் அறிவியல். இன்று ஒரு மாபெரும் தவறு வெளிப்பட்டிருக்கிறது. எல்லை தவறு! நான் நலமாக இருக்கிறேன். நான் எண்பத்தொன்று. ஆகவே எண்பத்தொன்று நலமாக இருக்கிறது. சற்றுத் தாராளமாக எண்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம்.”

அரை மணி நேரத்தில் சுற்றறிக்கை தயாராகிவிட்டது. எண்பத்தைந்து வரை இயல்பு. பெஞ்சில் இருந்த பதினாறு பேரும் ஒரே நொடியில் குணமானார்கள். நிலையத்தின் வரலாற்றில் முதல் முறையாக நோய் தீர்ந்தது என்று மேடையில் அறிவித்தார்கள். பெயர் வாசித்து வாசித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஓட்டுநர் தன்னுடையதை வாங்கி மூன்று முறை படித்தாள். முத்திரை, கையெழுத்து, தேதி, எல்லாம் சரியாக இருந்தன. நாளைக் காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கலாம். உடம்பெல்லாம் சந்தோஷம். ஆனால் இத்தனை சுலபமாகத் திறந்த கதவை அவளால் நம்ப முடியவில்லை.

பிழை திருத்துகிற அக்காவும் சான்றிதழோடு வந்தார். “எழுபத்தொன்பதும் இயல்பாம்மா! வெறும் தலைவலிதானாம். நாளைக்கு அச்சகத்துல காட்டிடலாம்.”

அவர் தலைக்குப் பின்னால் இரத்தம் எடுக்கும் பெண் நின்று கண்ணால் கூப்பிட்டாள். ஓட்டுநர் நகர்ந்து போனாள்.

“அவங்களை விட்டுடாதீங்கக்கா. அவங்களுதையும் சுத்திப் பார்த்தேன். ஒண்ணுகூட அடியில தங்கலை. அத்தனையும் வேலை செய்யற வகை.”

“டைரக்டருது?”

“அவருது முக்கால்வாசிக்கு மேல கட்டை. நிஜம் அஞ்சு இருந்தாப் பெரிசு.”

ஓட்டுநர் திரும்பி வந்து அக்காவை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். டெப்போவில் கண் பரிசோதிக்கும்போது செய்வதுபோல எதிரே நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள்.

“என் மூக்கையே பாருங்க. இப்போ எத்தனை விரல் காட்டறேன்?”

அக்கா அவள் மூக்கையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“கையை எப்போம்மா தூக்குவே?” என்றார்.

இந்த அக்கா தினமும் இரண்டு சாலைகளைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார். ஓட்டுநர் அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு பதிவாளர் அறைக்குள் நுழைந்தாள்.

“இவங்களுக்குப் பக்கப் பார்வையே இல்லை. ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க.”

“இயல்பானவங்களுக்கு எழுத முடியாதும்மா.”

“இயல்பு இல்லைங்கறேன்.”

“அப்போ நீங்க எல்லையை மறுக்கறீங்க. மறுப்பு மனு எழுதணும். மனு நிலுவையில இருக்கிற வரைக்கும் மனுதாரர் சான்றிதழ் எங்ககிட்ட இருக்கும். விதி அப்படி.” அவர் நாட்காட்டியைப் பார்த்தார். “உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள்தானே?”

ஓட்டுநர் சான்றிதழைப் பார்த்தாள். அதைக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. ஸ்டீயரிங்கின் சூடு, காலை முதல் டிரிப்பின் காலிச் சாலை, முன் வாசலில் ஏறுகிறவர்கள் சொல்லும் வணக்கம், எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. அக்கா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். “வேண்டாம்மா, நீ போ. நான் பார்த்துக்கறேன்.” பார்த்துக்கொள்ள முடியாதவர் அப்படிச் சொன்னதுதான் ஓட்டுநரைச் சுட்டது. சான்றிதழை மேஜைமேல் வைத்துவிட்டு வெள்ளைத் தாள் கேட்டாள். ‘எண்பத்தைந்து தவறு. இருபத்தைந்துதான் சரி. இதை மேலிடத்துப் பார்வையாளர்கள் விசாரிக்க வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவாளர் மனுவைப் படித்தார். இருபத்தைந்து சரி என்றால் எண்பத்தொன்று என்ன ஆகும் என்ற கணக்கு அவருக்கு இரண்டாவது வாசிப்பில்தான் ஓடியது. மனுவை அப்படியே போட்டுவிட்டு இயக்குநர் அறைக்கு ஓடினார். பத்தே நிமிடத்தில் ஒரு கடிதத்தோடு திரும்பினார். ஒரு வருடமாக அந்த அக்காவுக்குக் கிடைக்காத கடிதம்:

‘இவர் முற்றிலும் இயல்பானவர். இவருக்கு உடனடியாக மூளை ஸ்கேன் எடுத்து, அவசர அறுவை சிகிச்சை செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.’

“போதுமா? இப்போ மனுவை வாபஸ் வாங்கிட்டு சான்றிதழை எடுத்துக்கிட்டுப் போங்க.”

ஓட்டுநர் கடிதத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். சான்றிதழைத் தொடவில்லை.

“மனு இங்கேயே இருக்கட்டுங்க. இவங்களை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு வந்து வாபஸ் வாங்கறேன்.”

“அங்க வரிசை மூணு வாரம் இருக்கும்மா! உங்க பேரை அதுக்குள்ள எடுத்துடுவாங்க.”

“தெரியும்.”

“கடிதம்தான் குடுத்துட்டோமே. எங்க மேல அவ்வளவு சந்தேகமா?”

“ஆமாங்க” என்றாள். “மனு போனா, அடுத்த நிமிஷம் கடிதம் செல்லாதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போகும்.”

பதிவாளரின் கை போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது ஓட்டுநருக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பதினோரு வருடம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாய்விட்டே அழுதாள். அக்கா ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு இன்னொரு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“எதுக்கும்மா அழறே?” என்றார். “ரெண்டு பேரும் இயல்புன்னு எழுத்திலேயே குடுத்திருக்காங்களே.”